அடுத்த ஆள்

முதல் நாள் என் பேன்ட் பையில் ஒரு கல் இருந்தது.
பாலாற்றில் மணலெல்லாம் லாரியேறிய பிறகு மிஞ்சிய கூழாங்கல்.
கண்ணாடியின் நடுவே அடிக்கத் தோதான எடை.
யாரிடமும் சொல்லவில்லை.

குடியாத்தம் ரோட்டில் அம்பிகாபதி சலூன்.
இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு,
சுற்றுக்கு ஒருமுறை டொக்கென்று இடிக்கும் ஃபேன்.
காலனியிலிருந்து ஒன்பது பேர்,
பெஞ்சில் ஐந்தும் வாசற்படியில் நான்குமாக உட்கார்ந்தோம்.
"அடுத்த ஆள்" என்றார்.
எழுந்தோம்.
எங்கள் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்தார்.
எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும்
அன்று எங்களுக்கு முன்னால் போனார்கள்.

பீடி சுற்றும் ரோஸ்லின் அக்கா போட்ட விதி ஒன்றுதான்:
"ஓங்கற கையும் வேணாம், கட்டிக்கினு நிக்கற கையும் வேணாம்.
முட்டி மேல வெச்சிக்கினு உக்காருங்க."
எளிது என்று நினைத்தேன்.
முட்டியின் மேல் வைத்த கை
எவ்வளவு கனக்கும் என்று
பத்தாம் நாள் தெரிந்தது.
மயிர் மிதந்த பக்கெட் தண்ணீரை
ஒருவன் எங்கள் மடியில் கொட்டிவிட்டுச் சிரித்தபோது.
என் கை பைக்குள் போனது.
எத்திராஜ் தன் முழங்காலால் என் முழங்காலை அழுத்தினான்,
டீக்கடைப் பாட்டைக் கேட்பதுபோல் வேறெங்கோ பார்த்தபடி.

இதை அன்பு என்று எழுதிவிடாதீர்கள்.
அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டார்,
"இங்கயே வெட்டிக்கலாமேப்பா?"
வெட்டிக்கலாம்.
இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி
என் தலைக்குச் சாதி கிடையாது.
அதனால்தான் சார் இங்கே வெட்டவில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை சலூன் லீவு.
மூடிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம்.
தாசில்தார் வந்தார். சமாதானக் கூட்டம், போண்டா, கையெழுத்துத் தாள்.
மூலையில் தனி நாற்காலி, தனிக் கத்தி, தனித் துண்டு.
"புத்தம் புதுசும்மா, ஸ்டீல் நாற்காலி" என்றார்.
ரோஸ்லின் அக்கா போண்டாவைத் தட்டில் வைத்தாள்.
"நாற்காலி கேட்டு வரல சார்.
வரிசை கேட்டு வந்தோம்."

ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரம்
அம்பிகாபதி கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசினார்,
எங்களிடமா கண்ணாடியிடமா தெரியவில்லை.
"மேலத் தெருவுல மாட்டுக் கொட்டாயில உக்கார வெச்சித்தான்
எனக்கு ஷேவிங் வேலை குடுக்கறாங்க.
என் டம்ளரை நானே எடுத்துக்கினு போறேன்.
உங்க தலையைத் தொட்டா அந்தக் கொட்டாயும் இல்ல."
கண்ணாடியை உடைத்திருந்தால்
இதைக் கேட்டிருக்க மாட்டேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் கண்ணாடி உடைந்து கிடந்தது.
எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.
(வரிசை, கடைசியில், கிடைத்துவிட்டது.)
என் பையில் கல் இன்னும் இருந்தது.
பயத்தில் அது இட்லி போல் வெந்தது.
இன்ஸ்பெக்டர் கேட்டார்: "இவனுங்கதானே?"
மேலத் தெருவே நின்று அவர் வாயைப் பார்த்தது.
அம்பிகாபதி துண்டை உதறினார். மறுபடி உதறினார்.
"முப்பது நாளா பாக்கறேன் சார்.
இவங்க கை எங்க இருந்ததுன்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லவில்லை.
கூட்டம் கலைந்த பிறகும்
கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டே இருந்தார்.
பிறகு, முதுகைக் காட்டியபடியே,
"அடுத்த ஆள்."

நான்தான்.
சுவரில் காரைச் சதுரம் மட்டும் மிச்சம்.
கத்தரிக்கோல் நடுங்கியது; இடது காதோரம் கோணல்,
இன்றுவரை எத்திராஜ் கேலி பேசுகிறான்.
காசுக்குக் கைவிட்டால் முதலில் வந்தது கல்.
மேசைமேல் வைத்தேன். பார்த்தார். கேட்கவில்லை.
"எண்பது" என்றார்.
நூறு கொடுத்தேன்.
மீதி இருபதை மேசையில் போடாமல்
உள்ளங்கையில் வைத்தார்.
வியர்த்த விரல்.

மறுநாள் மேலத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
வெற்று நாற்காலியைத் துடைத்துக்கொண்டு இருந்தார் அவர்.
ரோஸ்லின் அக்கா பீடி முறத்தை மடியில் வைத்தபடி
பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.
"எனக்கு முடி வெட்ட வேணாண்ணா" என்றாள்,
"சும்மா உக்காந்திருக்கேன்.
இப்போ உங்களுக்காக."